யார் கை எழுதிய காதல்?

பேகனிடம் பரிந்து பேசிய புலவர்கள் முதல், பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகக் காதலிக்கும் கூலி எழுத்தாளர்கள் வரை

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்காது. கடையெழு வள்ளல்களில் ஒருவர். பழநி மலைச்சாரலை ஆண்ட ஆவியர் குடித் தலைவர். இன்றைய வருவாய்த்துறைக் கணக்கில் சொன்னால், திண்டுக்கல் மாவட்டத்துக்காரர். குளிரில் மயில் நடுங்குகிறது என்று இரங்கிய அந்த வள்ளலின் வீட்டிலேயே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பாகத்தைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

அவள் பெயர் கண்ணகி. கோவலனின் மனைவி அல்ல. இவள் பேகனின் மனைவி. கணவர் வேறொருத்தியை நாடிப் போய்விட, வீட்டில் தனியாகக் கிடந்தவள். அவளுக்காகப் புறநானூற்றில் ஐந்து பாடல்கள் இருக்கின்றன, 143 முதல் 147 வரை வரிசையாக. பாடியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல: கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பரணர் மட்டும் இரண்டு பாட்டு.

தன் முதல் பாட்டில் பரணர் காட்டுவது ஒரு மாலை நேரம். பேகனின் நாட்டைப் பாடிக்கொண்டு, யாழில் செவ்வழிப் பண்ணை வாசிக்கிறார்கள். அதைக் கேட்டதும் ஒரு பெண்ணுக்குக் கண்ணீர் பெருகி மார்பை நனைக்கிறது. பேகனுக்கு நீ உறவா என்று வணங்கிக் கேட்கிறார்கள். விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறவெல்லாம் இல்லை என்கிறாள். பிறகு ஒரே ஒரு செய்தி சொல்கிறாள்: தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லைவேலி சூழ்ந்த ஊருக்கு அவர் தினமும் தேரில் வருவதாக ஊர் பேசிக்கொள்கிறது. அவ்வளவுதான். கணவர் மீது ஒரு வார்த்தை குறை இல்லை.

அடுத்த பாட்டில் பரணர் நேராகப் பேகனிடமே பேசுகிறார். எடுத்த எடுப்பில் அந்த மயிலைத்தான் நினைவுபடுத்துகிறார். மயிலுக்கே இரங்கியவனல்லவா நீ என்ற குத்தல் அதில் இருக்கிறது. நாங்கள் பசித்தும் வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றத்துக்காகவும் வரவில்லை. இன்று இரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழார் நகையும் செல்வமும் வேண்டாம், தேரில் குதிரையைப் பூட்டு என்கிறார். பெருங்குன்றூர் கிழாரோ, எண்ணெய் காணாமல் கிடக்கும் அவள் கூந்தல் மறுபடி பூ முடிக்க நீ புறப்பட்டுப் போ, எங்களுக்கு அது போதும் என்கிறார்.

பரிசிலை நம்பிப் பிழைத்தவர்கள் பரிசிலை ஒதுக்கிவிட்டு, தனியாகக் கிடந்த ஒருத்தியின் மனசை அவள் சார்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அதே வேலை மாதச் சம்பளத்துக்கு நடக்கிறது. செல்போனுக்குள் இருக்கும் இயந்திரம் இலவசமாகச் செய்கிறது. அயல்நாட்டில் கம்பிவேலிக்குள் அடைபட்ட நம் இளைஞர்களிடம் மிரட்டி வாங்கப்படுகிறது. காதல் வார்த்தையை இன்னொருவர் எழுதிக் கொடுப்பதில் எது உதவி, எது மோசடி?

தூது போகாதவர் யார்?

நம் அகப்பாடல்களில் காதலர்கள் தாங்களே பேசியதற்கு ஈடாக, அவர்களுக்காக மற்றவர்கள் பேசியிருக்கிறார்கள். தோழி, பாங்கன், பாணன், விறலி என்று யார் யார் காதலர்க்கு இடையே தூதாக நடக்கலாம் என்பதற்குத் தொல்காப்பியம் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழியின் பேச்சு. பாடியவர் ஆண், பேசுவது ஒரு பெண், அதுவும் இன்னொரு பெண்ணின் காதலைக் காப்பாற்ற, செவிலித்தாயிடம். பின்னாளில் தூது என்று தனியாக ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டாகி, கிளியும் மேகமும் நெஞ்சும் தமிழும்கூடத் தூது போயின.

இந்த வரிசையில் வேறு மாதிரி ஆள் மாதவி. தன் கடிதத்தைத் தானே எழுதியவள். தாழை மடலில், பிச்சி மொட்டை எழுத்தாணியாகப் பிடித்து, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள் என்கிறது சிலப்பதிகாரம். வசந்தமாலை கொண்டுபோன அந்தக் கடிதத்தைக் கோவலன் வாங்கவே இல்லை. இரண்டாவது ஓலை, மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் மூலம் அவன் கைக்கு வந்தது. இந்த முறை கோவலன் படித்தான். தவறு தன்னுடையதுதான் என்று உணர்ந்தான். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் விசேஷம். இந்த வாசகம் என் தாய் தந்தைக்கு நான் எழுத வேண்டியதற்கும் அப்படியே பொருந்துகிறது, இதையே அவர்களிடம் கொடுத்துவிடு என்று அதே ஓலையைத் திருப்பி அனுப்பிவிட்டான். வந்த காதல் கடிதத்தை வீட்டுக்கு ஃபார்வர்டு செய்த முதல் தமிழன் அவனாகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தி உயிரைக் கொடுத்து எழுதியதை, எழுதச் சோம்பிய இன்னொருவன் தன் பெயரில் அனுப்பும் வழக்கம் வாட்ஸ்அப்போடு பிறந்ததல்ல.

போஸ்ட்மேன் முன்னால் எதைச் சொல்வது?

கடிதத்துக்கு இன்னொரு கை தேவைப்பட்டதற்கு ஊர்ப்புறத்தில் நேரடிக் காரணம் ஒன்று இருந்தது. எழுத்து தெரியாது. 1951 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2011-ல்கூடத் திண்டுக்கல் மாவட்டத்தின் எழுத்தறிவு 76 சதவீதம்தான். ஆண்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய காலத்தில், ஊரில் இருந்த பெண்ணுக்குக் கடிதம் எழுதித் தந்தது பள்ளிக்கூட வாத்தியார். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியது போஸ்ட்மேன்.

அந்த இடத்தில் இருந்த சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் வாத்தியார். பக்கத்தில் மாமியார். தூணுக்குப் பின்னால் மருமகள். புருஷனிடம் சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆள் காதில் போட்டுத்தான் தாளில் ஏற்ற முடியும். அதனால்தான் அந்தக் காலக் கடிதங்களில் நலமும் நலம் அறிய ஆவலும் முன்னால் நின்றன. பாசமெல்லாம் வேறு வழியாகப் போனது. பசு கன்று போட்டது, பிள்ளைக்கு அம்மை இறங்கியது, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, அடுத்த பொங்கலுக்காவது வந்துவிடவும். கடைசி வரியைச் சொல்லும்போது குரல் கம்மியதை வாத்தியார் எழுதியிருக்க மாட்டார். வாங்கிப் படித்தவருக்கு அது தெரிந்திருக்கும். எழுதியது வாத்தியார் கை என்பதும் அவருக்குத் தெரியும். இங்கே ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் இதே ஏக்கம் பாட்டாகவே வந்தது. 1970-களில் வளைகுடாவுக்குப் போன கணவனுக்கு மனைவி எழுதுவதுபோல மாப்பிளைப்பாட்டுக் கவிஞர் எஸ்.ஏ.ஜமீல் ஒரு கடிதப் பாட்டை எழுதிப் பாடினார். கேசட் கேசட்டாகப் பரவியது. கணவன் எழுதும் பதிலாக இன்னொரு பாட்டையும் அவரே எழுத வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் சொல்ல முடியாததை ஓர் ஆண் எழுதித் தந்தார். அதைத் தங்கள் கடிதமாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த எழுத்துக் கூலித் தொழிலின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள். வந்தவர் நிலத் தகராறைக் கண்ணீரோடு கால் மணி நேரம் கொட்டுவார். எழுதுபவர் தலையை ஆட்டிக்கொண்டே அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பித்து ஒரே பக்கத்தில் முடிப்பார். அழுகையில் எது மனுவுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பதுதான் அவர் கைப்பக்குவம். கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைப்பது கேட்டவர். எழுதியவர் யார் என்று கலெக்டருக்கும் தெரியும். சொன்ன துயரத்துக்குப் பொறுப்பு யார் என்றும் தெரியும்.

வாசித்தது ஒருவர், வாயசைத்தது இன்னொருவர்

சினிமா இந்த விஷயத்தைச் சும்மா விடுமா? கொடைக்கானல் மலையில் படமான 'குணா' (1991) படத்தின் கடிதப் பாட்டை இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024-ல் அறிமுகப்படுத்திவிட்டது. அந்தக் காட்சியை ஒருமுறை உன்னிப்பாகக் கவனியுங்கள். கடிதம் அபிராமிக்கு. எழுதிக்கொள்பவளும் அபிராமி. குணா தட்டுத்தடுமாறிச் சொல்கிறான். அவள் அதை ஒழுங்குபடுத்தி வாசித்துக் காட்டுகிறாள். தனக்கு வரும் காதல் கடிதத்தைத் தானே திருத்தி எழுதும் காதலி. எழுதும் கை கண்ணெதிரே இருப்பதால் அங்கே ஏமாற்று இல்லை.

கே.பாலசந்தரின் 'டூயட்' (1994) இதற்கு நேர் எதிர். 1897-ல் பாரிஸில் அரங்கேறிய எட்மண்ட் ரோஸ்டாண்டின் 'சிரானோ தெ பெர்ஜராக்' நாடகத்தின் சாயல் அதில் உண்டு. பெரிய மூக்கால் கூச்சப்பட்ட சிரானோ, தான் நேசித்த ரோக்ஸானுக்கு அழகன் ஒருவன் பெயரில் கடிதம் எழுதிக் குவிப்பான். 'டூயட்'டில் பருமனான உடம்பால் கூச்சப்படும் அண்ணன் பிரபு. அவர் வாசிக்கும் சாக்ஸபோனைக் கேட்டு முகம் பார்க்காமலே மனசைப் பறிகொடுக்கும் பெண்ணிடம், அந்த வித்தை தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது தம்பி. அந்த சாக்ஸபோனை நிஜத்தில் வாசித்தது கத்ரி கோபால்நாத் என்பது தனிக் கதை.

இரண்டு படத்துக்கும் நடுவே இருப்பது ஒரே வித்தியாசம்தான். முதலாவதில், எழுதுவது யார் என்று பெறுபவளுக்குத் தெரியும். இரண்டாவதில் தெரியாது. அழுகையும் சண்டையும் உடைந்த மனசும் அந்த ஒற்றைப் பொய்யிலிருந்துதான் கிளம்புகின்றன.

பையனுக்காகத் தங்கச்சி

திண்டுக்கல்லில் இன்று அடுத்தவருக்காகக் காதல் எழுதித் தருவது யார் என்று கேட்டால், வீட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும். 1997-ல் அமெரிக்காவிலிருந்து தமிழர்களுக்கான இணையப் பக்கமாக முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய முயற்சிதான் பிறகு பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. அதில் கணக்குத் தொடங்கப் போனால் கேட்கப்படும் ஆரம்பக் கேள்வியே, இது யாருக்காக என்பதுதான். எனக்கு, மகனுக்கு, மகளுக்கு, சகோதரனுக்கு, சகோதரிக்கு, உறவினருக்கு, நண்பருக்கு. காதலோ கல்யாணமோ, நம் ஊரில் முதல் வார்த்தையைச் சம்பந்தப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டு போட்ட கேள்வி அது.

ஒட்டன்சத்திரம், பழநிப் பக்கம் தோட்டமும் துரவும் வைத்திருக்கும் வீடுகளில், விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் அமையவில்லை என்பது வருடக்கணக்கான புலம்பல். வயது முப்பதைத் தாண்டி, முப்பத்தைந்தைத் தாண்டி, ஜாதகம் புரோக்கர் பையில் நைந்துபோகும். பையன் வாயைத் திறக்க மாட்டான். தங்கச்சி உட்கார்ந்து அவனைப் பற்றி எழுதுவாள்: அமைதியானவர், குடும்பப் பாங்கானவர், இசையில் ஆர்வம் உள்ளவர். எதிர்ப்பக்கத்திலும் பெண்ணுக்காக அண்ணன் எழுதியிருப்பான். இரண்டு பேரின் விருப்பமும் பொருந்திவிட்டதாக இணையதளம் சொல்லும். பொருந்தியது அந்தத் தங்கச்சிக்கும் இந்த அண்ணனுக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனாலும் இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. வீட்டார் எழுதியது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அடுத்த வாரம் நேரில் பார்க்கப் போகிறார்கள் என்பதும் தெரியும்.

போன் இருக்கு, பேச்சு வரலை

வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளூர்ப் பெண்களும் பையன்களும் போக, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனை வைத்துக்கொள்வோம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறான். எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் யாரோடும் பேசவில்லை. அறையில் இருப்பவன் வேறு மொழிக்காரன். கையில் போன் இருக்கிறது. நாள் முழுக்க ரீல்ஸ் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை. அவன் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்ணோடு பேசினாலே வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமைக்கென்றே அமைச்சரை நியமித்தன. நம் ஊரில் தனிமையை நோயாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் தமிழர்களுக்கென்றே 'அன்பே' போன்ற டேட்டிங் செயலிகள் 2021-ல் வந்து உட்கார்ந்தன. செயலி பெண்ணைக் காட்டும்; பேச்சைத் தராது. பேச்சு வராதவன் யாரிடமாவது கேட்பான்.

முன்பெல்லாம் கேட்கப்பட்டவன் வகுப்புத் தோழன். கவிதை எழுதுவான், கையெழுத்து மணிமணியாக இருக்கும், பதிலுக்கு ஒரு பரோட்டா. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்த பிறகு பரோட்டாச் செலவும் மிச்சம். 2023 காதலர் தினத்தை ஒட்டி மெக்காஃபி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்பது நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, காதல் கடிதத்துக்கு ஏஐ துணையை நாடப்போவதாகச் சொன்ன இந்தியர்கள் 62 சதவீதம். ஒன்பது நாட்டில் நாம்தான் முதலிடம்.

ஏஐ எழுதும் தமிழ்க் காதலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நிலா வரும், கடல் வரும், நட்சத்திரமும் ஆன்மாவும் வரும். வத்தலக்குண்டு பஸ் வராது. நிலக்கோட்டைப் பூ விலை வராது. ஷிப்ட் மாறியது, மேஸ்திரி திட்டியது, சாம்பாரில் உப்பு இல்லாதது எதுவும் வராது. நேற்று வரை 'நீங்க சாப்டீங்களா?' என்று கேட்டவர் இன்று காலையில் உன் விழிகளின் ஆழத்தில் மூழ்கினேன் என்று எழுதினால், நடுவே வேறு ஆள் புகுந்துவிட்டார் என்று அர்த்தம். 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வர நம் காதலர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். இயந்திரத்துக்கு ஒரு நொடி.

ஒரு நம்பருக்கு 1.75 டாலர்

மேல்நாட்டில் இதைத் தொழிலாகவே நடத்துகிறார்கள். அங்கே காசுள்ள ஆண்கள், தங்கள் டேட்டிங் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆணைப் போல உட்கார்ந்து பெண்களிடம் கொஞ்சிப் பேசுவது அங்கே வேலைக்கிருக்கும் எழுத்தாளர். அந்த வேலையைப் பார்த்த ஒரு பெண் 2018-ல் 'குவார்ட்ஸ்' இதழில் எழுதிய அனுபவக் கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு பெண்ணிடமிருந்து போன் நம்பரை வாங்கிவிட்டால் எழுதியவருக்குக் கிடைத்தது 1.75 டாலர். நம்பர் வந்ததும் வாடிக்கையாளர் வந்து மிச்சக் காதலைத் தொடருவார். எதிரில் இருந்த பெண், தன் மனசைத் திறந்து காட்டியது ஒரு கூலி எழுத்தாளரிடம் என்று கடைசி வரை அறிய மாட்டாள்.

வாடிக்கையாளரே இல்லாத ஏமாற்றும் நடந்திருக்கிறது. பிரிட்டனிலிருந்து பல டேட்டிங் தளங்களை நடத்திய ஜேடிஐ டேட்டிங் நிறுவனம், தானே கற்பனைப் பெயர்களில் கணக்கு உருவாக்கி, சந்தாதாரர்களுக்கு ஆசை வார்த்தை அனுப்பியது. பதில் எழுத வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2014-ல் நடவடிக்கை எடுத்து 6,16,165 டாலர் வசூலித்தது. 2015-ல் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தகவல்கள் களவு போய் வெளியானபோது, ஆண்களிடம் குழைந்து பேசியவர்களில் பெரும்பகுதி பெண்களே அல்ல, கணினி நிரல்கள் என்பது அம்பலமானது.

கம்பிவேலிக்குள் ஒரு காதலன்

இந்தத் தொழிலின் கொடூர முகம் நமக்கு மிக அருகில் வந்துவிட்டது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் வரை தமிழர்கள், அங்கே சிக்கியிருப்பதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் 549 இந்தியர்களை அழைத்து வந்தன.

அந்த வளாகங்களில் அடைபட்டவர்களுக்குக் கொடுக்கப்படும் முக்கியமான வேலைகளில் ஒன்று, காதல் எழுதுவது. யாரோ ஒரு பெண்ணின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு. கையில் தயாராக எழுதி வைத்த வசனங்கள். காலை வணக்கத்தில் தொடங்கி, சாப்பாட்டு விசாரிப்பில் வளர்ந்து, வாரக்கணக்கில் உறவாடி, கடைசியில் கிரிப்டோ முதலீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இலக்கு எட்டாதவருக்கு அடி, மின்சார அதிர்ச்சி, பட்டினி. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

இரு முனையிலும் இருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் பேச ஆளில்லாத ஒருவர்: கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், பெண் அமையாத நாற்பது வயதுக்காரராக இருக்கலாம். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு போன் செய்ய முடியாத பிள்ளை. இருவருமே தனியாகக் கிடப்பவர்கள். ஒருவருடைய தனிமையை இன்னொருவருடைய தனிமையால் கொள்ளையடித்து, நடுவில் இருக்கும் கும்பல் பங்களா கட்டுகிறது.

கோடு எங்கே?

நண்பன் எழுதித் தந்த கவிதையைக் கொடுத்தான் என்பதற்காக யாரையும் உள்ளே தள்ள முடியாது. ஆனால் கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவு ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கிறது. அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்தோ, நிறைவேற்றும் எண்ணமில்லாமல் திருமண ஆசை காட்டியோ பெண்ணோடு உறவு கொண்டால், 69-வது பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறை.

சட்டம் இறங்குவது பணமோ உடலோ பறிபோன பிறகுதான். அதற்கு வெகு முன்னாலேயே கோட்டைத் தாண்டிவிடுகிறோம். எழுதத் தெரியாதது குற்றமல்ல. வார்த்தை வராமல் தவிப்பவருக்கு வார்த்தை கொடுப்பதும் குற்றமல்ல. கண்ணகிக்காகப் போன புலவர்கள் தங்கள் பெயரிலேயே பேசினார்கள். திண்ணை வாத்தியாரின் கையெழுத்து எல்லாருக்கும் தெரிந்த கையெழுத்து. மேட்ரிமோனியில் எழுதியது வீட்டார் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பெறுபவருக்குத் தெரிந்து நடக்கும்வரை அது தூது. இன்னொரு கை இருப்பதை மறைத்த நிமிடத்திலிருந்து அது களவு. திருடப்படுவது அந்தப் பெண்ணின், அல்லது அந்த ஆணின் சம்மதம். யாருக்குச் சம்மதம் சொல்கிறோம் என்றே தெரியாதபோது அது சம்மதம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. யார் எழுதியதாக இருந்தாலும் வேண்டாம் என்பது முழுமையான பதில். வேடசந்தூர் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில், அவருக்குத் தொல்லை தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மேற்பார்வையாளர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் பாலியல் தொல்லைக்கு எதிராகக் கையெழுத்தான உடன்பாடு உலகம் முழுக்கத் 'திண்டுக்கல் உடன்படிக்கை' என்றே அறியப்படுகிறது. அழகாக எழுதிய பத்தாவது மெசேஜ், முதல் மறுப்பை அழித்துவிடாது.

காசோ மனசோ கொடுப்பதற்கு முன்...

முகம் பார்க்காத அன்பு வாரக்கணக்கில் நீண்டால் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். அதையும் ஏஐ போலியாகச் செய்யும் காலம் என்பதால் பொது இடத்தில் நேரில் சந்திக்கக் கேளுங்கள். ஊர் விஷயம் கேளுங்கள். திண்டுக்கல் என்று சொல்பவருக்கு அவர் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியாமலா போகும்? முதலீடு, கஸ்டம்ஸில் மாட்டிய பரிசுப் பார்சல், அவசர ஆபரேஷன் என்று பேச்சு திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம்.

ஏஐயிடமோ நண்பரிடமோ எழுதி வாங்கிக் காதலைத் தொடங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் உங்களை நேரில் பார்ப்பதற்கு முன்னால், முதல் நாலு மெசேஜ் நான் எழுதியதில்லை என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும் வாக்கியத்தையாவது நீங்களே எழுதுங்கள். பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. ஏமாந்தவர்கள் தயங்காமல் அழைக்க வேண்டிய தேசிய சைபர் குற்ற உதவி எண்: 1930.